கல்லூரி பல்கலைக்கழகம் ஆகப் போகிறதா? முதலில் ஆபீஸ் ரூமைப் பாருங்கள்

நெல்லைப் பக்கம் எந்தக் கல்லூரி அலுவலகத்துக்குள் போய் நின்றாலும் ஒரு பதில் காதில் விழாமல் திரும்ப முடியாது: "அது அபிஷேகப்பட்டில பாத்துக்கிடுவாங்க." ரிசல்ட் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பட்டம் எப்போது வரும், இந்த செமஸ்டரில் இந்தப் பேப்பரை ஏன் மாற்றினார்கள் என்று எதைக் கேட்டாலும் இதேதான். பொய்யும் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது, அதன் கீழ் பாடம் நடத்துகிற இணைவுக் கல்லூரியின் கடைசிப் பொறுப்பு அவர்கள் கையில்தான். ஆனால் உங்கள் கல்லூரியே பல்கலைக்கழகம் ஆகிற அன்று இந்தப் பதில் செல்லாது. ஊழியர்களைத் தயார்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான், அந்தப் பதில் இல்லாமல் ஒரு நாள் முழுக்க வேலை பார்க்க உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா என்பதை. பெரிய ஹோட்டலில் ஹால் பிடித்து ரெண்டு நாள் பயிற்சி, பை, பேனா, பிரியாணி எல்லாம் அப்புறம்.

இதை முஸ்லிம் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், காயல்பட்டினம் என்று நம்ம சீமையில் அவை இருக்கின்றன, எங்கேயாவது ஒரு கமிட்டியில் யாராவது ஒருவர் "நாமளும் யூனிவர்சிட்டி ஆக்கிரலாமே" என்று பேச்செடுப்பதும் வழக்கம்தான். எந்தக் கல்லூரியும் நாளைக்கே ஆகப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆகும் எண்ணம் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

எந்த வழி என்று முதலில் ஊழியர்களிடம் சொல்லுங்கள்

கமிட்டிக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும், அட்டெண்டருக்கு வதந்தி மட்டும் தெரியும். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஒரு கூட்டம் போட்டு, வழி எது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வழி நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது பல்கலைக்கழகம் போலத் தானே பட்டம் கொடுக்க மத்திய அரசு அனுமதிக்கிற கல்வி நிறுவனம். 1956ஆம் வருட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3ஆம் பிரிவில் வருவது. 2023 விதிமுறைப்படி நாக் (கல்லூரிகளுக்குத் தர கிரேடு போடுகிற தேசிய அமைப்பு) மதிப்பீட்டில் தொடர்ந்து மூன்று சுற்று குறைந்தது 3.01 புள்ளியோடு ஏ கிரேடு வேண்டும், இல்லாவிட்டால் தகுதியுள்ள படிப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று சுற்று என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம், இல்லாவிட்டால் என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசுத் தரவரிசையில் தொடர்ந்து மூன்று வருடம் ஏதாவது ஒரு பிரிவில் முதல் 50 அல்லது ஒட்டுமொத்தத்தில் முதல் 100. நாக் ஒரு சுற்று சாதாரணமாக 5 வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கு ஆரம்பிக்கிற கல்லூரிக்கு இது ஒரு தலைமுறை வேலை. இன்னொரு வழி மாநிலச் சட்டம் மூலம் தனியார் பல்கலைக்கழகம். 2025 அக்டோபரில், இருக்கிற கல்லூரிகளே அப்படி மாறலாம், நூறு ஏக்கர் தேவையில்லை, மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கர் போதும் என்கிற திருத்த மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அரசு உதவி பெறும் கல்லூரிகளின் கதி என்ன என்று ஆசிரியர் சங்கங்கள் எழும்பின, அரசும் அதைத் திரும்பப் பெற்று மறுஆய்வு செய்வதாகச் சொல்லிவிட்டது. ஆக அந்தக் கதவு பாதி திறந்து மூடியிருக்கிறது. இதை அப்படியே ஊழியர்களிடம் சொல்லுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை.

போர்டு, லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நிகர்நிலை ஆனவுடன் பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று ஒட்டிக்கொள்ள முடியாது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து யு.ஜி.சி. அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னது. 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்று அடைப்புக்குள்தான் போட வேண்டும். பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்கிற கிளார்க்குக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவர்தான் ஐயாயிரம் லெட்டர்ஹெட் ஒரே மூச்சில் அடிப்பவர்.

பழைய பீரோவைத் திறங்கள்

மைனாரிட்டி கல்லூரிக்கு மட்டும் உள்ள ஒரு வேலை இது. பலரும் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1877இல் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி, 1920இல் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகம். 1967இல் அஜீஸ் பாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் இது, சிறுபான்மையினர் நிறுவியது ஆகாது என்றது. 2024 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. சட்டம் மூலம் வந்தது என்பதாலேயே சிறுபான்மைத் தன்மை போய்விடாது, யாருடைய எண்ணத்தில் பிறந்தது, யார் பணம் போட்டார்கள், யார் இடம் வாங்கிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அலிகாரின் நிலையைத் தீர்மானிக்கிற வேலையை வேறு அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் உங்கள் சூப்பிரண்டுக்கு என்ன வேலை? நிறையவே. கல்லூரி தொடங்கிய காலத்து டிரஸ்ட் பத்திரம், முதல் மினிட்ஸ் புத்தகம், நன்கொடை ரசீதுக் கட்டை, சிலோனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பிய கடிதங்கள், பத்திரப் பதிவு நகல் இதெல்லாம் எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறவராக இருப்பார். அவர் போவதற்குள் அவரோடு ஒரு இளம் கிளார்க்கை உட்கார வைத்து ஒவ்வொன்றையும் எடுத்து, ஸ்கேன் செய்து, எது எங்கே என்று ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். நாளைக்கு 'இதை நிறுவியது யார்' என்று கேள்வி வந்தால் பதில் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

காகிதம் என்றதும் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்து போனது. தரைத்தளத்தில் ரெக்கார்ட் ரூம் வைத்திருக்கிற கல்லூரி பல்கலைக்கழகம் ஆகக் கூடாது என்று நானாக இருந்தால் விதியே போடுவேன். இணைவுக் கல்லூரியில் மார்க் பதிவேடு நனைந்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதி இருக்கும். உங்களுடையது நனைந்தால் வேறெங்கும் கிடையாது. முதல் மாடிக்கு மாற்றுங்கள், டிஜிட்டல் பிரதி ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

தேர்வுப் பிரிவு: இங்கேதான் முதல் அடி விழும்

ஆட்டோனமஸ் (தன்னாட்சி) கல்லூரிக்காரர்களுக்குப் பாதி பழகியிருக்கும். கேள்வித்தாள், வேல்யூவேஷன், மார்க் ஷீட் எல்லாம் அவர்களே பார்க்கிறார்கள், பட்டச் சான்றிதழ் மட்டும் அபிஷேகப்பட்டியிலிருந்து. ஆட்டோனமஸ் இல்லாத கல்லூரி என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள், அந்தப் படியில் சில வருடம் நின்றுவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

தேர்வுப் பிரிவு ஆட்களைப் பழக்க நான் சொல்கிற வழி ஒத்திகைதான். ஏதாவது ஒரு துறையின் மாடல் எக்ஸாமை எடுத்துக்கொண்டு, அதையே உண்மையான பல்கலைக்கழகத் தேர்வு மாதிரி முதலிலிருந்து கடைசி வரை நடத்துங்கள். வெளியாள் ஒருவரிடம் கேள்வித்தாள் வாங்குவது, சீல் உடைப்பது, ஹால் டிக்கெட், விடைத்தாளில் டம்மி நம்பர் (யாருடையது என்று தெரியாமல் இருக்கப் போடுகிற எண்) போட்டு மேல் பகுதியைக் கிழித்துத் தனியே பூட்டி வைப்பது, வேல்யூவேஷன், மார்க் பதிவு, பாஸ் போர்டு (ரிசல்ட்டை முடிவு செய்கிற கூட்டம்), ரிசல்ட், மறுகூட்டல் விண்ணப்பம், கடைசியில் ஒரு மாதிரிப் பட்டச் சான்றிதழ் அச்சடிப்பது வரை. எங்கே இடிக்கிறது என்று அப்போது தெரியும். பெரும்பாலும் இடிக்கிற இடம் ஒன்றுதான்: டம்மி நம்பர் லிஸ்ட் யாரிடம் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ரெண்டுமே ஒரே ஆளிடம் இருக்கும். "அவரு நம்பிக்கையான ஆளு சார்" என்பார்கள். நம்பிக்கையான ஆள்தான், ஆனாலும் பிரித்து வையுங்கள், நாளைக்கு ஒரு புகார் வந்தால் காப்பாற்றப்படுவது அவர்தான்.

அப்புறம் போன் வரும். தேர்வு அபிஷேகப்பட்டி கையில் இருந்தவரை கமிட்டி மெம்பரோ ஜமாஅத் தலைவரோ கூப்பிட்டு "நம்ம பையன்தான், ரெண்டு மார்க்குல நிக்கான்" என்றால் உங்கள் ஆள் வருத்தத்தோடு கையை விரிக்கலாம், சண்டையும் வராது. இனி அதே மெம்பர் சம்பளம் கொடுக்கிற நிர்வாகத்தில் இருப்பார், மார்க் போடுகிற கம்ப்யூட்டர் உங்கள் மேஜையில் இருக்கும். இதற்குப் பயிற்சி வகுப்பு கிடையாது. தாளாளரே கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை விட வேண்டும்: தேர்வு சம்பந்தமாக நிர்வாகத்தில் யார் பேசினாலும் எழுத்தில் மட்டும்தான், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பெயருக்குத்தான், மற்ற ஊழியர் யாரிடமும் பேசக் கூடாது. சுற்றறிக்கை வந்தாலும் போன் வரத்தான் செய்யும். ஆனால் "தாளாளர் சுற்றறிக்கை இருக்கு காக்கா (அண்ணா), நீங்களே ஒரு வார்த்தை அவர்ட்ட கேட்டுருங்க" என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

இனி பெயர் விவகாரம். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று முஸ்லிம் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வருடமாவது இருந்தவர்களுக்குப் புரியும். 'முகம்மது' என்ற ஒரு பெயரை இங்கிலீஷில் ஓ போட்டு எழுதுகிறவர் உண்டு, யூ போட்டு எழுதுகிறவர் உண்டு, ஒரு எம், ரெண்டு எம், கடைசியில் டி வைத்து, ஈ.டி. வைத்து, ஏ.டி. வைத்து என்று ஒரே வகுப்பில் ஆறு விதமாகப் பார்க்கலாம். செய்யதுவும் அப்படியே. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அத்தா பெயர் முன்னாலோ பின்னாலோ. பெண் பிள்ளைகளுக்குப் பெயரோடு பாத்திமா, பீவி, பானு சேர்ந்தும் பிரிந்தும் வரும். மாணவர் எடுத்த கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற கிரெடிட் வங்கிக் கணக்கு, அரசின் டிஜிலாக்கரில் சான்றிதழ் ஏற்றுவது என்று இப்போது எல்லாம் ஆதார் பெயரோடு பொருந்த வேண்டியிருப்பதால், ஒரு எழுத்து மாறினாலும் சான்றிதழ் அந்தப் பிள்ளையின் கணக்கில் போய் உட்காராது.

அட்மிஷன் அன்றே பிடித்துவிடுங்கள். கவுண்டரில் இருக்கிற ஆளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பிளஸ் டூ சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடு, வித்தியாசம் இருந்தால் முதல் செமஸ்டர் முடிவதற்குள் திருத்திக்கொண்டு வரச் சொல்லி எழுதி வாங்கு, பட்டத்தில் எப்படி அச்சாக வேண்டும் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாணவர் கையாலேயே எழுத வைத்துக் கையெழுத்து வாங்கு. அரபு உச்சரிப்பு சரியா தவறா என்று அங்கே வாதம் செய்ய வேண்டாம், சான்றிதழில் இருப்பதுதான் பெயர்.

இது இவ்வளவு முக்கியமாவது வளைகுடா வேலையில். மேலப்பாளையத்துப் பையனோ கடையநல்லூர்ப் பையனோ துபாய்க்கோ தம்மாமுக்கோ போகிறான், பட்டத்துக்கு மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சக முத்திரை, தேவைப்பட்டால் தூதரகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நடுவில் அங்கிருந்தோ ஏஜென்சியிடமிருந்தோ ஒரு மின்னஞ்சல் வரும், இந்தப் பட்டம் உங்களுடையதுதானா, ரெகுலரா தபாலா, எந்த வருடம் என்று. கனடா போகிறவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்டை சீல் வைத்த கவரில் நேரே அனுப்பச் சொல்வார்கள். இதுவரை இதெல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் தலைவலி. இனி உங்கள் தலைவலி, விசா காலக்கெடுவோடு வருகிற தலைவலி. அதற்கென்று ஒரு ஆள், ஒரு தனி மின்னஞ்சல் முகவரி, ஒரு பதிவேடு, இத்தனை வேலை நாளுக்குள் பதில் என்று ஒரு வரையறை, அவர் லீவ் போட்டால் பார்க்க இரண்டாவது ஆள். புதுப் பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் உங்கள் மின்னஞ்சலின் வேகமும் அதன் இங்கிலீஷும்தான் உங்கள் மரியாதை. இங்கிலீஷ் துறையில் ஒருவரைப் பிடித்து ஐந்தாறு மாதிரிப் பதில்கள் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள்

ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கத் தெரியும், அதைப் பற்றிப் பேச்சில்லை. பாடத்திட்டம் போடத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அபிஷேகப்பட்டியிலிருந்து வருகிறதை எடுத்து நடத்தியே பல பேருக்குக் காலம் போயிருக்கும். நல்ல பயிற்சி ஒன்று: ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு பேப்பரைத் தானே புதிதாக உருவாக்கட்டும். ஐந்து யூனிட், கிரெடிட், புத்தகப் பட்டியல், ஒரு முழுக் கேள்வித்தாள், அதற்கு மதிப்பெண் பிரித்த விடைக்குறிப்பு. வெளியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியரை வரவழைத்து அவர் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பாடத்திட்டக் குழு என்பது என்ன என்று அந்த ஒரு மத்தியானத்தில் விளங்கிவிடும். சி.ஓ., பி.ஓ. (பாடமும் படிப்பும் தரும் பலன்கள்) மேப்பிங் கட்டங்களை நிரப்புவதை மட்டும் பயிற்சி என்று ஏமாற்றாதீர்கள், அதை எல்லோரும் பக்கத்துத் துறை ஃபைலில் இருந்துதான் எடுக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரே கட்டு விடைத்தாளை நகல் எடுத்து ஒரே துறையின் இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியாகத் திருத்தக் கொடுங்கள், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல். இரண்டு மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துறைக்குள் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். யாரையும் குறை சொல்லாமல் விடைக்குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள், மறுபடி கொடுங்கள்.

பி.எச்டி. வழிகாட்டிகள் விஷயத்தில் முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும். 2022 யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியர் ஒரு நேரத்தில் 8 ஆய்வு மாணவர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், பி.எச்டி. வேண்டும், முதல் இரண்டு பேருக்கும் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரை, உதவிப் பேராசிரியருக்கு 3, அதுவும் சக ஆய்வாளர் மதிப்பிடும் இதழ்களில். துறைவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், சில துறைகளில் ஒரு பெயர்கூடத் தேறாது. தேறாத துறையில் அவசரத்துக்குக் காசு கட்டிப் போடுகிற இதழில் கட்டுரை போட்டு எண்ணிக்கை காட்டாதீர்கள். யு.ஜி.சி. தரமான இதழ்களுக்கென்று வைத்திருந்த கேர் பட்டியலையே 2025இல் நிறுத்திவிட்டது, இனி இதழின் தரத்துக்கு நிறுவனமே பொறுப்பு. நூலகரை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் திருட்டு சோதனை, சோத்கங்கா என்கிற தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஆய்வேட்டை ஏற்றுவது எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும், ஆனால் அவரை யாரும் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை.

எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இருந்தால் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்), பி.எட். இருந்தால் என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக் கவுன்சில்) என்று தனித்தனி வாத்தியார்கள் உண்டு. 2024-25 முதல் பி.பி.ஏ.வும் பி.சி.ஏ.வும்கூட ஏ.ஐ.சி.டி.இ. பக்கம் வந்துவிட்டன. அந்தந்தத் துறைத் தலைவர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பழக்கம்தான்.

ஹஜ்ரத்மார்களை மறந்துவிடாதீர்கள்

அரபுத் துறையிலும் தீனியாத் (மார்க்கக் கல்வி) வகுப்பிலும் பாக்கவி, ஜமாலி என்று பெயருக்குப் பின்னால் மத்ரஸாப் பட்டம் வைத்திருக்கிற ஆலிம்கள், அதாவது ஹஜ்ரத்மார்கள், இருப்பார்கள். வருடக் கணக்காக மத்ரஸாவில் ஓதி சனது (படித்து முடித்த சான்றிதழ்) வாங்கியவர்கள், அரபு இலக்கணத்தில் அவர்களோடு எம்.ஏ.க்காரர் பலர் நிற்க முடியாது. ஆனால் யு.ஜி.சி. கணக்கில் உதவிப் பேராசிரியர் என்றால் 55 சதவீதத்தோடு முதுகலை, கூடவே நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. சனதை மட்டும் வைத்து அந்தப் பதவி தர முடியாது. பல்கலைக்கழகம் ஆன பிறகு தேர்வுக் குழு உட்கார்ந்து அவரைத் தகுதியில்லாதவர் என்று எழுதினால் அந்த அவமானம் ஊர் முழுக்கப் பரவும், ஜும்ஆ மேடை வரைக்கும் போகும்.

இதற்கு முன்னாலேயே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வயது இருக்கிறவர்களுக்கு அஃப்ஸலுல் உலமா (பல்கலைக்கழகம் தருகிற அரபுப் பட்டம்), அப்புறம் எம்.ஏ. அரபி என்று வழி காட்டி, ஃபீஸை நிர்வாகமே கட்டட்டும், வகுப்பைக் குறைத்துக் கொடுக்கட்டும். நெட்டில் அரபி ஒரு பாடம், அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வும் என்று இன்னொரு பாடமும் இருக்கிறது, ஹஜ்ரத்மார்களுக்கு இரண்டாவது கைவசமான விஷயம். ஐம்பதைத் தாண்டியவர்களைப் பரீட்சைக்குத் துரத்த வேண்டாம். பள்ளிவாசல், ஒழுக்கக் கல்வி, கையெழுத்துப் பிரதி, அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளைப் படித்துச் சொல்வது போன்ற பொறுப்புக்குச் சம்பளம் குறையாமல் ஒரு பதவி உருவாக்கலாம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை வருடம் கிடைப்பார்கள்?

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவின் அரசு இஸ்லாமியக் கல்வி நிலையத்தை 2002இல் பல்கலைக்கழகமாக மாற்றி மருத்துவம், அறிவியல் எல்லாம் சேர்த்தார்கள். மார்க்கக் கல்வி ஓரத்துக்குப் போய்விடுமோ என்ற கவலை அங்கேயும் எழுந்தது. நம்ம ஊரில் கதை தலைகீழ், முஸ்லிம் கல்லூரிகள் ஆரம்பத்திலிருந்தே காமர்ஸும் சயின்ஸும் நடத்துகிறவை, அரபுத் துறைதான் சின்னது. ஆனாலும் பல்கலைக்கழகம் ஆகும்போது அதை வளர்க்கப் போகிறீர்களா, சும்மா பெயருக்கு வைத்திருக்கப் போகிறீர்களா என்று அந்தத் துறை ஊழியர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது நாகரிகம்.

காலண்டர்

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இதுவரை தேர்வு அட்டவணை வெளியிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கும் மத்தியானத் தேர்வுக்கும் நடுவில் ஓடிச் சமாளித்தோம். இனி நீங்களே போடுவீர்கள், ஆகவே வெள்ளி மத்தியான அமர்வை எப்போது தொடங்குவது என்று ஒரே முடிவாக எழுதி வையுங்கள். வாசல் டூட்டி பார்க்கிற அட்டெண்டரையும் சேர்த்து.

நோன்பு வருடத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். 2026இல் பிப்ரவரி நடுவில் தொடங்கியது 2030இல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் மறுபடியும் வரும், அதற்கடுத்த வருடங்களில் டிசம்பர் முழுக்க இறங்கி நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வின் தலையில் உட்காரும். அந்த நேரம் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இப்போது ஆரம்பிக்கிற பல்கலைக்கழகத்தின் முதல் சில பேட்ச் அதில்தான் மாட்டும். காலண்டர் கமிட்டியில் பத்து வருடத்துக்குப் பார்த்துப் போடத் தெரிந்த ஒருவரை வையுங்கள், நோன்பு வைக்காத ஊழியர்களும் அந்தக் கமிட்டியில் இருக்கட்டும், இல்லையென்றால் நோன்பு மாதத்து மத்தியான டூட்டி எல்லாம் கேட்காமலேயே அவர்கள் தலையில் விழும்.

வேலை என்ன ஆகும்?

எல்லாரும் மனசுக்குள் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். மேலே சொன்ன பயிற்சி எதுவும் இதற்குப் பதில் கிடைக்காதவரை தலையில் ஏறாது.

எய்டட் (அரசு உதவி பெறும் பிரிவு) ஊழியர்களின் சம்பளம் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வழியாக அரசிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு 1976ஆம் வருடத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது, நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது. அந்தச் சட்டம் கல்லூரிக்காக எழுதியது. புது உருவத்துக்கு அது தானாகப் பின்னால் வரும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பதவிகள் தொடருமா, ஓய்வு பெறுகிற இடத்தில் புது ஆள் அரசுச் சம்பளத்தில் வருவாரா, 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் என்ன ஆகும் என்பதையெல்லாம் அரசிடம் எழுதிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூட்டா (கல்லூரி ஆசிரியர் சங்கம்) ஆட்களை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவர்கள் கேட்கிற கேள்விகளை வைத்தே உங்கள் விண்ணப்பத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கலாம்.

சுயநிதிப் பிரிவு ஊழியர்கள் நிலை இன்னும் மெலிசு. பல பேருக்கு நியமன ஆணையே வருடா வருடம் புதுப்பிப்பதுதான். இவர்களுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: பல்கலைக்கழகம் ஆனாலும் முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும், சம்பளம் குறையாது, பி.எஃப். கணக்கு அப்படியே, கிராஜுட்டிக்குப் பழைய வருடங்களும் சேரும். ஆசிரியர்களுக்கும் கிராஜுட்டி உண்டு என்பது 2009 திருத்தத்தோடு, 1997இலிருந்தே பொருந்துகிற மாதிரி, முடிந்துபோன விஷயம். அந்தக் கடிதத்தில் மதம் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் இதே விதி என்று ஒரு வரி சேருங்கள். நம்ம முஸ்லிம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் சவேரியார் கோயிலுக்குப் போகிறவரும் இருப்பார், நெல்லையப்பர் தேர் இழுக்கப் போகிறவரும் இருப்பார், "யூனிவர்சிட்டி ஆனா நம்மள வச்சிருப்பாங்களா" என்று அவர்கள் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். கேட்காமலேயே சொல்வது உங்கள் கடமை.

இரண்டு வண்டி ஓட்ட ஆள் இருக்கிறதா?

ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் பழைய பல்கலைக்கழகத்தின் மாணவர்களாகவே முடிப்பதுதான் வழக்கம், அவர்கள் பட்டம் அபிஷேகப்பட்டிதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உங்கள் பட்டம். ஆக இளங்கலை மூன்று வருடம், அரியர் வைத்தவர்கள் அதற்கு மேல், இரண்டு பாடத்திட்டம், இரண்டு தேர்வு அட்டவணை, இரண்டு கட்டணக் கணக்கு ஒரே கட்டடத்துக்குள் ஓடும். 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் வந்தபோது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து மாறிய நெல்லைக் கல்லூரிகள் இப்படித்தான் ஓட்டின. அப்போது கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், எந்தக் கன்சல்டன்ட்டும் சொல்லாததைச் சொல்வார்.

பழைய பேட்சுக்கென்று இரண்டு பேரைத் தனியாக ஒதுக்குங்கள், புதுப் பல்கலைக்கழகத்தின் ஆரவாரத்தில் அவர்களை வேறு வேலைக்கு இழுக்காதீர்கள். கடைசி வருடத்து அரியர்க்காரன் ஹால் டிக்கெட்டுக்கு வந்து நிற்கும்போது புது ஆபீஸில் எல்லாரும் "நாங்க இப்ப யூனிவர்சிட்டி, பழசு எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் அவன் எங்கே போவான்? பட்டியல் ஒன்று போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பழைய பேட்ச் அரியர், பழைய டூப்ளிகேட் மார்க் ஷீட், டி.சி., புது அட்மிஷன், பெயர்த் திருத்தம், வெளிநாட்டுச் சரிபார்ப்பு, பி.எச்டி. பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர், அவர் இல்லாதபோது இன்னொரு பெயர், உள் போன் எண். பெயர் எழுதாமல் காலியாக நிற்கிற வரி எதுவோ அதற்கு ஆள் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.